கீழ்வீட்டு ஸீனத்தும் ஜொனியின் விரதமும்

ஸீனத் என்ற பெயரை யோகேஸ்வரி முதன்முதல் கேட்டது கொட்டாஞ்சேனையில், ஒரு கலியாண வீட்டில். கலியாணம் அவளுடைய புருஷன் ஜீவராஜின் மூத்த அக்கா பாக்கியலெட்சுமியின் இரண்டாவது மகனுக்கு. பெண் எடுத்தது கிராண்ட்பாஸில். பெண்ணின் தாய்வழிப் பாட்டனும் யோகேஸ்வரியின் பெரியப்பாவும் ஒரு காலத்தில் ஒரே சைவக்கடையில் பங்காளிகளாக இருந்தவர்கள், பிறகு ஏதோ தோசைக்கல்லுக்காகச் சண்டை பிடித்துப் பிரிந்தவர்கள். அது வேறு கதை.

அன்றைக்கு யோகேஸ்வரியின் கண் மாப்பிள்ளை மேலும் போகவில்லை, பெண் மேலும் போகவில்லை. மச்சாளின் சாறிச் சட்டை மேல்தான் போனது. பாக்கியலெட்சுமி குளியலறையில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு பக்கத் தோள் இறங்கித்தான் இருந்தது. எந்தத் தையல்காரரிடம் கொடுத்தாலும் அந்தப் பக்கம் சுருங்கிக்கொண்டு நிற்கும். அன்றைக்குச் சட்டை வார்த்து எடுத்த மாதிரி இருந்தது.

"மச்சாள், இது ஆர் தைச்சது?"

"மாளிகாவத்தையிலை ஸீனத் எண்டு ஒருத்தி. எனக்குக் கை பின்னுக்குப் போகாது எண்டு நான் வாய் திறந்து சொல்லவேயில்லை. அளவெடுக்கேக்கை என்ரை முகத்தைப் பாத்தாள். கொக்கியை முன்னுக்கு வைக்கிறன் எண்டாள். அவ்வளவுதான்."

அப்படித்தான் அந்தப் பெயர் யோகேஸ்வரியின் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு வெள்ளவத்தையிலிருந்து மாளிகாவத்தைக்குச் சட்டைத்துணியோடு போய் வருவது அவளுக்கு ஒரு வழக்கமாயிற்று.

ஸீனத்தின் கதை நீளமானதல்ல. மாளிகாவத்தையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, புறக்கோட்டையில் பொத்தானும் ரிப்பனும் விற்ற பௌஸியைக் கலியாணம் முடித்தவள். பிள்ளை ஒன்றுதான், ஆதிபா. கூடப் பிறந்தது ஒரு தம்பி, ஜவாத். அவன் ஓட்டோ ஓடுகிறவன். பௌஸி காலமாகி, ஆதிபாவும் கலியாணம் முடித்த பிறகு, ஸீனத்துக்குத் தனியாக ஒரு சின்ன இடம் வேண்டியிருந்தது. தையல் மெசினை யன்னலோரம் வைக்கக்கூடிய இடம். யோகேஸ்வரியின் கீழ்வீடு அந்த நேரம் பார்த்துக் காலியாக இருந்தது.

ஆனால் அந்த வீட்டில் நாய் இருந்தது. ஜொனி என்று பெயர், மண்ணிறம், ஒரு காது நிற்கும், மற்றக் காது மடிந்து கிடக்கும். ஈரமான நாய் வாய் பட்டால் ஏழு முறை கழுவவேண்டும், அதில் ஒரு முறை மண்ணால் கழுவவேண்டும் என்பது ஸீனத்தின் மார்க்கத்து முறை. அஞ்சு வேளை தொழுகிறவளுக்கு அது சின்ன விஷயமில்லை. இரண்டு பக்கச் சொந்தக்காரரும் இது சரிவராது என்றார்கள். ஸீனத் ஒரே வசனத்தில் முடித்துவிட்டாள்.

"நாய் நாயிட வேலயப் பாக்கட்டும், நான் என்ட வேலயப் பாக்குறன்."

குடிவந்த பிறகு சொன்னமாதிரியே நடந்தது. ஸீனத்தின் வாசற்படிக்கு அங்கால் ஜொனி கால் வைக்காது. தைத்த துணிகளோடு ஸீனத் வெளியே வந்தால் ஓடி வரும், "ஒதுங்குடா மகன்" என்றால் மூக்கை நீட்டியபடி ஓரமாக நிற்கும். காலையில் ரொட்டி சுட்டால் கருகின ஓரத்தை அவள் மதில் கட்டின் மேல் வைப்பாள். அது எடுத்துக்கொண்டு போய்விடும். தொட்டுக்கொண்டதில்லை, தடவியதில்லை. ஆனால் அந்த நாயின் வாய் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று வீட்டுக்காரரைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஸீனத்தான். தன்னுடைய தொழுகை உடுப்புக்காகப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து அது பழக்கமாகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஐப்பசி வந்தது.

யோகேஸ்வரி கந்தசஷ்டி விரதத்தைக் குமரியாக இருந்த நாளிலிருந்து விடாமல் பிடிக்கிறவள். பகல் முழுக்க ஒன்றும் இல்லை, பின்னேரம் பாலும் பழமும். அந்த வருஷம் விரதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ரொறன்ரோவில் இருக்கிற மகள் சுபாஷினிக்குக் கலியாணமாகிப் பல வருஷம், பிள்ளை இல்லை. ஊசியும் மருந்துமாக அலைந்துகொண்டிருந்தாள். தாய் முருகனிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

காப்புக் கட்டி விரதம் தொடங்கின அன்றைக்கு ஜொனி மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. மணந்து பார்த்தது, திரும்பிப் படுத்தது. பின்னேரம் யோகேஸ்வரி பாலும் வாழைப்பழமும் எடுக்கிற நேரம் பக்கத்தில் வந்து நின்றது. கொஞ்சப் பாலை வார்த்து, பழத்தை மசித்துக் கொடுத்தாள். நக்கிக் குடித்தது. அடுத்த நாளும் அதே மாதிரி. சோறு வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், பின்னேரம் பாலும் பழமும் மட்டும்.

யோகேஸ்வரிக்கு உடம்பு புல்லரித்தது.

"இஞ்சேருங்கோ, பாத்தனீங்களே? ஜொனி என்னோடை விரதம் பிடிக்கிறான்."

ஜீவராஜ் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நானும் உம்மோடைதான் பட்டினி கிடக்கிறன். என்னை ஒருத்தரும் புல்லரிச்சுப் பாக்கிறேல்லை."

"சும்மா பகிடி விடாதேங்கோ. இது முருகன் காட்டுற குறி. பிள்ளைக்கு நல்லது நடக்கப் போகுது."

அவள் நாயின் கழுத்தில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டிவிட்டாள். படம் எடுத்து ரொறன்ரோவுக்கும் கொட்டாஞ்சேனைக்கும் அனுப்பினாள். ஒழுங்கையிலிருந்து ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காலி வீதிப் பழக்கடைக்காரர் விரதக்கார நாய்க்கென்று ஒரு சீப்புக் கதலி கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் பல வருஷமாக இல்லாத ஒரு கலகலப்பு.

கீழே ஸீனத்துக்குத்தான் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. மதில் கட்டின் மேல் வைத்த ரொட்டி ஓரம் அப்படியே கிடந்து காகம் கொண்டுபோனது. ஜொனி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. இடைக்கிடை எழும்பி, கன்னத்தைச் சுவரோடு தேய்த்தது, முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது. படுத்து எழும்பின இடத்தில் வாயிலிருந்து வடிந்த வாணீர் குட்டையாக நின்றது. அவள் படியைக் கழுவிக் கழுவிக் களைத்துப்போனாள். கழுவும்போது ஒரு கெட்ட நாற்றமும் வந்தது. காகம் கண்ணுக்கு முன்னால் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போயும் அந்த நாய் ஒரு சத்தம் போடவில்லை.

சொல்வதா விடுவதா என்று அவளுக்குப் பெரிய யோசனை. இன்னொருவருடைய மார்க்கத்து விஷயம். அதுவும் விரத காலம். அதுவும் தான் குடியிருக்கிற வீட்டுக்காரி. ஒரு சட்டையைத் தைத்து முடிக்கும் வரைக்கும் யோசித்தாள். பிறகு மெசினை மூடிவிட்டு மேலே ஏறினாள்.

"யோகக்கா, கோவிக்காம ஒரு கத கேளுங்கோ."

"இரும் ஸீனத். என்ன கதை?"

"என்ட ஆதிபா சின்னதில மொதல் நோன்பு புடிச்ச கத. அவக்கு அப்ப பால் பல்லுகூட முழுக்க விழல்ல. ஒரு நாள் காலைல, உம்மா எனக்கு சாப்பாடு வாணாம் எண்டாள். நோன்பு மாசம். என்ட மாமிக்கு சந்தோஷம் எண்டா சொல்லி முடியா. இந்த வயசில நோன்பு புடிக்கிறாளே எண்டு புதுச் சட்டை, வளையல், பக்கத்து வீட்டால வட்டிலப்பம். நோன்பு தொறக்கிற நேரம் கஞ்சி மட்டும் குடிச்சாள். அடுத்த நாளும் அப்பிடித்தான். எல்லாரும் அவட தலயத் தடவுறாங்க. பின்ன பாத்தா, ஒரு பக்கக் கன்னம் பொங்கி ஈக்கிது. சொத்தப் பல்லு! பல்லுக்குத்துக்குத்தான் புள்ள சாப்பிடல்ல. எல்லாரும் புகழ்றதால சொல்லவும் பயம். இண்டைக்கும் நாங்க அவள 'பல்லு நோன்பு' எண்டுதான் பகிடி பண்ற."

யோகேஸ்வரி சிரித்தாள். நல்லாகச் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் கதை எங்கே போகிறது என்று விளங்கிவிட்டது.

"நீர் ஜொனியைச் சொல்லுறீர்."

"அவனுக்கு வாயில என்னமோ நோவுது போல ஈக்கிது அக்கா. கன்னத்தச் சுவத்தில தேய்க்கிறான். வாணி வடியுது."

யோகேஸ்வரியின் முகம் மாறிவிட்டது. அவள் கண்ணுக்கு முன்னால் நாய் நிற்கவில்லை, மகள் நின்றாள். நாய்க்கு நோ என்றால் குறி இல்லை. குறி இல்லையென்றால் இந்த வருஷமும் போனமாதிரித்தான்.

"நோ எண்டால் கத்தாதே? ஒரு சத்தம் போட்டானே? உங்களுக்கு எங்கடை விரதம் விளங்காது ஸீனத். விடும்."

ஸீனத் எழும்பினாள். "சரி அக்கா, போய்ட்டு வாரன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள். கீழே மெசின் சத்தம் வெகு நேரம் கேட்கவில்லை. அது யோகேஸ்வரிக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தது, அதாவது கேட்காமல் இருந்தது அவளுக்குக் கேட்டது.

விரதத்தின் கடைசி நாளான சூரன்போருக்கு முந்தின நாள் பின்னேரம் பாக்கியலெட்சுமி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து இறங்கினாள். கையில் கோயில் திருநீறு. வந்த கையோடு, "எங்கை அந்தப் புண்ணியவான்?" என்று கேட்டாள். ஜொனி படிக்குக் கீழே ஒடுங்கிப்போய்க் கிடந்தது. அவள் குனிந்து, நெற்றியில் திருநீற்றைப் பூசி, "என்ரை ராசா" என்று கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள்.

நாய் ஊளை போல ஒரு சத்தம் போட்டுப் பாய்ந்தது. பல்லு கையில் படவில்லை, சாறித் தலைப்பில் பட்டது. தலைப்புக் கிழிந்தது. பாக்கியலெட்சுமி பின்பக்கமாக நடந்து போய்ப் பூச்சாடிக்குள் குந்தினாள்.

"ஐயோ! சூரன்! சூரன் புகுந்திட்டான் இதுக்குள்ளை! முருகன்ரை திருநீறு பட்டவுடனை எப்பிடிப் பாய்ஞ்சது பாத்தியே? நாளைக்குச் சூரன்போர், இண்டைக்கே இஞ்சை வந்து நிக்கிறான்! தம்பி, இதை எங்கையாவது கொண்டுபோய் விடு!"

"அக்கா, இப்பத்தானே புண்ணியவான் எண்டனீங்கள்?" என்றார் ஜீவராஜ். "எழும்புங்கோ முதல். சாடியிலை மல்லிகை நிக்குது."

யோகேஸ்வரி சிரிக்கவுமில்லை, மச்சாளைத் தூக்கவுமில்லை. அவள் ஜொனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய்ந்த நாய் திரும்பவும் படிக்குக் கீழே போய், உடம்பைச் சுருட்டி, வாயை நிலத்தில் வைக்க மாட்டாமல் தலையைச் சரித்து வைத்துக்கொண்டு நடுங்கியது. அதன் கண் அவளைத்தான் பார்த்தது. குட்டியாக வந்த நாளிலிருந்து ஒரு பிள்ளையைக் கூடக் கடிக்காத நாய். மச்சாளின் கை பட்டது கன்னத்தில். ஸீனத் சொன்ன அதே கன்னத்தில்.

அவள் இறங்கிப்போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஸீனத், உமக்கு விளங்கினது எனக்கு விளங்கேல்லை. வாரும், வந்து பாரும்."

ஸீனத் முன்பு கேட்டதை ஒன்றும் முகத்தில் காட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்து பார்த்தாள்.

"கிட்டப் போவாதீங்க ஒருத்தரும். நோவில ஈக்கிற நேரம் அதுக்கு ஆளு தெரியா."

"ஒரு பனடோலைப் பாலிலை கரைச்சுக் குடுப்பமே?" என்றார் ஜீவராஜ்.

"மனிசர்ட மருந்த மிருகத்துக்கு எப்பிடிக் குடுக்கிற? மொதல்ல டொக்டர்ட்ட கேளுங்கோ."

ஹெவ்லொக் டவுனில் ஒரு மிருக வைத்தியர் இருந்தார், சிங்களப் பெண்மணி. போன் எடுத்துக் கேட்டார்கள். பனடோல் வேண்டவே வேண்டாம், அது நாய்க்கு நஞ்சு மாதிரி, வீட்டு மருந்து ஒன்றும் கொடுக்காதீர்கள், வாயைத் திறந்து பார்க்கப் போகாதீர்கள், குடிக்கத் தண்ணீர் மட்டும் பக்கத்தில் வையுங்கள், விடிய முதல் ஆளாகக் கொண்டுவாருங்கள் என்றார்.

விடிந்தால் சூரன்போர். யோகேஸ்வரி அன்றைக்குத் தண்ணீரும் குடிக்காமல் காலை அபிஷேகத்திலிருந்து கோயிலில் நிற்கிறவள். அந்த நேரம் கோயிலில் இல்லாத வருஷம் என்று அவளுக்கு நினைவில் ஒன்றும் இல்லை. சாமியறையில் விளக்கைக் கொளுத்தினாள். "அப்பனே, நான் பிறகு வாறன். இவனை முதல் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் படலைக்கு வந்தாள்.

படலையில் ஜவாத்தின் ஓட்டோ நின்றது. ஸீனத் வரச் சொல்லியிருந்தாள், எதற்கென்று சொல்லவில்லை.

"ராத்தா, நாயா? என்ட ஓட்டோலயா?"

"ஓ. நாய்தான். ஒன்ட ஓட்டோ என்ன பள்ளிவாசலா? அந்தப் பிளாஸ்டிக் சீற்ற விரி."

"உம்மா ஈந்தா என்ன சொல்லுவாங்க?"

"தவிச்ச வாய்க்கித் தண்ணி குடுத்தாலே நன்ம எண்டு சொல்லித்தந்ததே உம்மாதானே? விரிடா."

ஜீவராஜ் ஒரு சாரத்துண்டோடு வந்தார், கடிக்காமல் வாயைக் கட்டுவோம் என்று.

"வாயிலதானே நோவு. வாய எப்பிடிக் கட்டுற?" என்ற ஸீனத், தன்னுடைய பெரிய துவாயொன்றைக் கொண்டுவந்தாள். அதை ஜொனியின் கழுத்தடியால் பிடித்து உடம்பைச் சுற்றி, பிள்ளையை ஏந்துகிற மாதிரி யோகேஸ்வரி தூக்கினாள். பின்பக்கம் கனம் தாங்கவில்லை. சரிந்தது. ஸீனத் ஒரு கணம் தன் கையைப் பார்த்தாள். பிறகு கீழால் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். ஹெவ்லொக் டவுன் போகும் வரைக்கும் அப்படியே இருந்தாள். அவளுடைய அபாயாவின் கை முழுக்க வாணீர். முன்னால் ஜவாத் ஒவ்வொரு குழிக்கும் மெதுவாக்கி, "மகனுக்கு நோவுமா?" என்று திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டு ஓடினான்.

வைத்தியர், "கவதா இந்தலாத?" என்றார். எப்போதிருந்து என்று கேட்கிறார். யோகேஸ்வரிக்குச் சிங்களம் நன்றாக வரும், ஆனால் அன்றைக்கு வாய் வரவில்லை. ஸீனத்தான் சொன்னாள். சோற்றை விட்டது, சுவரில் தேய்த்தது, வாணீர், நாற்றம், பாய்ந்தது எல்லாம். விரதம் என்று நினைத்ததை மட்டும் சொல்லவில்லை.

அதை யோகேஸ்வரியே சொன்னாள். வைத்தியர் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் வந்திருந்தாலும் அம்மா போயாவுக்கு விரதமிருந்து சில் எடுக்கிற நாயென்று சொல்லியிருப்பா என்றார். பிறகு, நாய் கத்துவதில்லை, நோ வந்தால் ஒதுங்கிப் படுக்கும், சாப்பாட்டைக் குறைக்கும், வழக்கம் மாறும், தொட்டால் பாயும், பாய்ச்சல் கோபத்தில் இல்லை, நோவில் என்றார். மயக்க ஊசி போட்டு வாயைத் திறந்து விளக்கைப் பிடித்தார். மேல் அண்ணத்தில், இந்தப் பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் அந்தப் பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் குறுக்கே, பாலம் போட்ட மாதிரி ஒரு ஐஸ்பழக் குச்சி இறுகிக் கிடந்தது. கடற்கரைப் பக்கம் யாரோ தின்றுவிட்டு எறிந்ததைக் கடித்திருக்க வேண்டும். சுற்றிவரப் புண் சீழ் பிடித்திருந்தது. இன்னும் விட்டிருந்தால் கிருமி இரத்தத்தில் ஏறியிருக்கும், வந்தது நல்லது என்றார் வைத்தியர்.

குச்சி வெளியே வந்தது. யோகேஸ்வரி கதிரையில் இருந்து அழுதாள். ஸீனத் பக்கத்தில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஸீனத் கழுவுவதற்குப் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. யோகேஸ்வரி வாளியோடு வந்தாள்.

"நீட்டும் கையை. நான் ஊத்துறன்."

"நீங்க விரதத்தோட ஈக்கிறீங்க அக்கா. வெயிலில நிக்க வாணாம்."

"நீட்டும் எண்டுறன்."

மல்லிகைச் சாடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவளுடைய கையில் வைத்தாள். ஸீனத் மண்ணைப் போட்டுத் தேய்த்தாள். யோகேஸ்வரி ஊற்றினாள். கழுவக் கழுவ ஊற்றிக்கொண்டே நின்றாள், ஸீனத் போதும் என்று சொல்லும் வரைக்கும். மேலேயிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த பாக்கியலெட்சுமி, "என்ரை சாறித் தலைப்பையும் அவளிட்டைக் குடு, அப்பிடியே தைச்சுத் தரட்டும்" என்றாள். ஸீனத் நிமிர்ந்து, "சூரன் கடிச்ச சாறி, தைக்கக் கூலி கூட மச்சாள்" என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாரும் சிரித்த முதல் சிரிப்பு அது.

பின்னேரம் யோகேஸ்வரி கோயிலுக்குப் போனாள். சூரன் விழுந்ததைக் கண்ணால் கண்டாள்.

அடுத்த நாள் பாறணை, விரதம் முடித்துச் சாப்பிடுகிற நாள். அவள் இலை போட்டுச் சாப்பிட இருந்தபோது ரொறன்ரோவிலிருந்து சுபாஷினி போன் எடுத்தாள். தாய் சுற்றிவளைக்காமல் சொன்னாள். "பிள்ளை, ஜொனி விரதம் பிடிக்கேல்லை. அது வாய் நோ. குறி எண்டு நான் சொன்னது..."

அந்தப் பக்கம் சுபாஷினி நீளமாக மூச்சு விட்டாள்.

"நல்லதாப் போச்சம்மா. நீங்கள் படத்தை அனுப்பின நாளிலையிருந்து எனக்கு நித்திரையில்லை. நாயும் பட்டினி, நீங்களும் பட்டினி, இதுக்குப் பிறகும் ஒண்டும் நடக்காட்டில் நான் என்ன முகத்தோடை உங்களோடை கதைக்கிறது எண்டு. அவனுக்குக் குழைச்ச சோறு குடுங்கோ. காட்டுங்கோ, நான் பாக்க."

யோகேஸ்வரி போனைத் திருப்பிப் பிடித்தாள். பருப்பும் சோறும் கூழாகக் குழைத்து வைத்திருந்தாள். ஜொனி முதலில் நக்கிப் பார்த்தது. பிறகு இரண்டு பக்கத்தாலும் அள்ளித் தின்றது. கோப்பையைத் தள்ளிக்கொண்டே முற்றம் முழுக்கப் போனது. ரொறன்ரோவில் சுபாஷினி சிரிக்கிற சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு யோகேஸ்வரி மகளிடம் குறி, சகுனம் என்று ஒன்றும் சொல்வதில்லை. எப்படி இருக்கிறாய், எங்கே நோகுது என்றுதான் கேட்கிறாள். மகளும் சொல்கிறாள். முன்பு கிழமைக்கு ஒருக்கால் வந்த போன் இப்போது அநேகமாக ஒவ்வொரு நாளும் வருகிறது.

ஆதிபாவுக்குத் தாயை மாளிகாவத்தைக்குக் கூட்டிக்கொண்டு போக விருப்பம். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஸீனத் நோன்புப் பெருநாளுக்கு மட்டும் போய் இரண்டொரு நாள் நின்றுவிட்டு வருகிறாள். மற்றபடி அவள் வெள்ளவத்தையில், யோகேஸ்வரியின் கீழ்வீட்டில்தான் இருக்கிறாள்.